செக்கு மோட்டாருக்கு டிரைவ் போட்டேன்; கருப்பட்டி விழுந்ததும் நின்றுவிடுகிறது

செக்கடித் தெரு (அம்பாசமுத்திரம்) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்களிடம் இரண்டு மரச்செக்குகள் இருக்கின்றன. வாகை மர உரல், தலா 3 குதிரைத்திறன் மூன்று பேஸ் மோட்டார், ஒரு பெல்ட், அதன் பிறகு கியர் பாக்ஸ். 50 ஹெர்ட்ஸில் மோட்டார் 1440 சுற்று ஓடினால் செக்கு நிமிடத்துக்கு 12 சுற்று சுற்றும். எள் ஆட்டும்போது எண்ணெய் சூடாக இறங்குகிறது என்று சில வாடிக்கையாளர்கள் குறை சொன்னார்கள். அதனால் ஒரு செக்குக்கு மட்டும் டிரைவ் (மோட்டாருக்குப் போகும் ஹெர்ட்ஸையும் வோல்ட்டையும் மாற்றி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி) வாங்கிப் பொருத்தி, 33 ஹெர்ட்ஸில் வைத்து, 8 சுற்றாகக் குறைத்தேன்.

முதல் பத்து நிமிடம் குறையே இல்லை. எள் நசுங்கி மாவாகி, கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, தண்ணீர் தெளித்து, பிடிப்பு ஏறுகிற நேரத்தில்தான் உலக்கை தயங்குகிறது. மோட்டார் உறுமுகிறது. இரண்டு சுற்று போராடிவிட்டு ஓவர்லோட் என்று காட்டி டிரைவ் நின்றுவிடுகிறது. டிரைவைக் கழற்றி ஸ்டார்ட்டரில் நேரடியாகப் போட்டால் அதே எள்ளை, அதே கருப்பட்டியை முனகாமல் ஆட்டுகிறது. விற்றவரிடம் கேட்டால் 5 குதிரைத்திறன் டிரைவாக மாற்றச் சொல்கிறார். வாங்கலாமா?

பேட்டை வைண்டர் எழுதியது:

அண்ணாச்சி, அந்தப் பணம் இப்போதைக்கு உங்கள் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். ஸ்டார்ட்டரில் இழுக்கிற மோட்டார் டிரைவில் இழுக்கவில்லை என்றால் மோட்டாரின் மேல் குற்றம் இல்லை. காயில் கட்டுகிறவன் சொல்கிறேன், நம்புங்கள். உறுமும்போது டிரைவின் திரையில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர்? பெயர்ப்பலகையில் எத்தனை ஆம்பியர்? இன்னொன்று, என்ன வேலைக்கு டிரைவ் என்று கடைக்காரர் உங்களிடம் கேட்டாரா?

செக்கடித் தெரு எழுதியது:

பெயர்ப்பலகையில் 415 வோல்ட், 4.6 ஆம்பியர். 33 ஹெர்ட்ஸில் திரையில் 181 வோல்ட் தெரிகிறது. உறுமும்போது 7 ஆம்பியரைத் தாண்டுகிறது. கடையில் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாம் உள்ளே போட்டு வைத்திருக்கிறேன், அப்படியே மாட்டினால் போதும் என்றார். தோட்டத்துப் பம்புகளுக்கு நிறைய விற்கிறவர்.

வண்ணார்பேட்டை டிரைவ் சர்வீஸ் எழுதியது:

கடைசி வரியிலேயே விடை வந்துவிட்டது. அந்த 181தான் குற்றவாளி.

உங்கள் மோட்டாருக்கு 50 ஹெர்ட்ஸில் 415 வோல்ட். அதாவது ஹெர்ட்ஸுக்கு 8.3 வோல்ட். 33 ஹெர்ட்ஸில் அதே விகிதம் இருந்தால் 274 வோல்ட் வர வேண்டும். உங்களுக்கு வருவது 181. டிரைவுக்குள் பம்பு, மின்விசிறி போன்றவற்றுக்கான வளைவு போடப்பட்டிருக்கிறது. அதில் வோல்ட் நேர்க்கோட்டில் இறங்காது, வேகத்தின் இருமடிப்படி இறங்கும். 0.66ஐ 0.66ஆல் பெருக்கி, 415ஆல் பெருக்கிப் பாருங்கள், சரியாக 181 வரும். கையேட்டில் சுமை வகை என்று ஒரு அமைப்பு இருக்கும். அதை நிலையான முறுக்குவிசைக்கு (வேகம் குறைந்தாலும் சுழற்றும் பலம் குறையாத வகைக்கு) மாற்றுங்கள். செலவு ஒன்றும் இல்லை.

பாளையங்கோட்டை வாத்தியார் எழுதியது:

தம்பி சரியாகப் பிடித்துவிட்டார். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு வேறொருவருக்குப் பயன்படலாம்.

மோட்டாருக்குள் இருக்கும் காந்தப் பாயத்தின், அதாவது காந்த பலத்தின், அளவைத் தீர்மானிப்பது வோல்ட்டும் இல்லை, ஹெர்ட்ஸும் இல்லை, இரண்டுக்கும் உள்ள விகிதம். விகிதம் மூன்றில் இரண்டாகக் குறைந்தால் காந்தமும் மூன்றில் இரண்டாகும். மோட்டார் அதிகபட்சம் இழுக்கக்கூடிய விசையோ காந்தத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே அது 44 சதவீதமாக விழுந்துவிடும். பம்புக்கு இது புத்திசாலித்தனமான ஏற்பாடு. வேகம் குறைந்தால் பம்பு கேட்கும் விசையும் இருமடிப்படி குறைகிறது, பிறகு எதற்கு முழுக் காந்தம்? இரும்பில் வீணாகும் மின்சாரமாவது மிஞ்சட்டும் என்ற கணக்கு. செக்கு அப்படி இல்லை. 12 சுற்றில் ஆட்டினாலும் 8 சுற்றில் ஆட்டினாலும் பிண்ணாக்கு கேட்கும் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றுதான். அரை வயிற்றுச் சாப்பாடு போட்டு முழு மூட்டையைத் தூக்கச் சொன்னால் மோட்டார் உறுமாமல் என்ன செய்யும்?

செக்கடித் தெரு எழுதியது:

மாற்றினேன். நிற்காமல் ஓடுகிறது! கருப்பட்டி விழுந்தபோது ஒரு சின்ன முனகல், அவ்வளவுதான். 5 குதிரைத்திறன் டிரைவுக்கான பணம் மிச்சம். எல்லோருக்கும் நன்றி.

பேட்டை வைண்டர் எழுதியது:

நன்றியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். மூன்று செக்கு எள் தொடர்ந்து ஆட்டிவிட்டு மோட்டார் உடம்பில் கை வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

செக்கடித் தெரு எழுதியது:

கை வைக்க முடியவில்லை. தண்ணீர் தெளித்தால் சுர்ரென்கிறது. முன்பு இப்படி இருந்ததில்லை. அண்ணாச்சிக்கு எப்படித் தெரியும்?

பேட்டை வைண்டர் எழுதியது:

என் கடைக்கு வருகிற கருகிய காயில்களில் டிரைவில் ஓடியவை தனி ரகம். மோட்டாரின் பின்பக்கம் இருக்கும் விசிறி அதே ஷாப்டில் சுற்றுகிறது. சுற்று குறைந்தால் காற்றும் குறையும். இழுப்போ முழு இழுப்பு, ஆம்பியரும் முழு ஆம்பியர். சூடு அப்படியே, காற்று மட்டும் மூன்றில் இரண்டு. பங்குனி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே இது போதும் வார்னிஷ் கருகுவதற்கு.

இரண்டு வழி இருக்கிறது. பின்னால் தனியாக ஒரு சின்ன விசிறியை வைத்து ஊதவிடலாம். அது வேலை செய்யும், ஆனால் ஒரு நாள் அதைப் போட மறந்துவிடுவீர்கள். இன்னொரு வழி புல்லி. கியர் பாக்ஸ் பக்கத்துப் புல்லி எத்தனை அங்குலம்?

செக்கடித் தெரு எழுதியது:

8 அங்குலம். மோட்டார் பக்கம் 3 அங்குலம். ஆனால் புல்லியை மாற்றி நிரந்தரமாக 8 சுற்றுக்குக் கொண்டுவர எனக்கு விருப்பமில்லை. நிலக்கடலைக்கும் தேங்காய்க்கும் 12 சுற்றுதான் எங்களுக்குப் பழக்கம். அதற்காகத்தானே டிரைவே வாங்கினேன்.

வண்ணார்பேட்டை டிரைவ் சர்வீஸ் எழுதியது:

இரண்டுக்கும் நடுவில் நில்லுங்கள். 8 அங்குலப் புல்லிக்குப் பதிலாக 10 அங்குலம். இப்போது 50 ஹெர்ட்ஸில் செக்கு 9.6 சுற்று சுற்றும். எள்ளுக்கு 8 சுற்று வேண்டும் என்றால் 42 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் குறைவாக வையுங்கள். விசிறிக்குக் காற்றும் வரும், அதோடு பெரிய புல்லியால் மோட்டார் இழுக்க வேண்டிய விசையே ஐந்தில் ஒரு பங்கு குறையும். கடலைக்கு 12 சுற்று வேண்டும் என்றால் 62.5 ஹெர்ட்ஸ்.

50க்கு மேல் போகலாமா என்று கேட்பீர்கள். போகலாம். டிரைவால் 415 வோல்ட்டுக்கு மேல் தர முடியாது. ஆகவே 50க்கு மேல் காந்தம் மெலிந்துகொண்டே வரும், இழுப்பு குறையும். ஆனால் சுற்று கூடுவதால் மொத்தத் திறன் அதே 3 குதிரைத்திறனில் நிற்கும். ஸ்டார்ட்டரில் 12 சுற்று ஆட்டியபோதும் செக்கு எடுத்தது அந்தத் திறனுக்குள்தானே? 62.5இல் உச்ச இழுப்பு 64 சதவீதமாகும். இந்த வகை மோட்டார்களின் உச்ச இழுப்பு வழக்கமான இழுப்பைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும் என்பதால் கடலைக்குத் தாங்கும். பேரிங்கும் 1800 சுற்றுக்கு அழாது.

சங்கரன்கோவில் தறி எழுதியது:

படித்துக்கொண்டே வருகிறேன். ஒரு புல்லிக்குள் இவ்வளவு இருக்கிறதா?

சுரண்டைத் தோட்டம் எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். வேகத்தைக் கால் பங்கு குறைத்தால் பம்பு மின்சாரம் பாதிக்கும் கீழே போய்விடும், முப்படி விதி என்று விற்பனைக்கு வந்தவர் சொன்னார். என்னுடையது ஆழ்துளைக் கிணறு. தண்ணீர் 500 அடியில் நிற்கிறது. டிரைவ் போடலாமா?

வண்ணார்பேட்டை டிரைவ் சர்வீஸ் எழுதியது:

முப்படி விதி பொய் இல்லை. 0.75ஐ மூன்று முறை பெருக்கினால் 0.42. ஆனால் அவர் இருமடி விதியைச் சொல்லாமல் விட்டுவிட்டார். பம்பு தூக்கக்கூடிய உயரம் வேகத்தின் இருமடிப்படி குறையும். உங்கள் பம்பு முழு வேகத்தில், வால்வை மூடிய நிலையில், 800 அடி வரை தூக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முக்கால் வேகத்தில் அது 450 அடி. தண்ணீர் 500 அடியில். மோட்டார் சுற்றும், மீட்டர் ஓடும், தண்ணீர் குழாயின் நடுவிலேயே நிற்கும். மோட்டாரைக் குளிர்விப்பதும் அதைத் தாண்டி மேலேறும் தண்ணீர்தான் என்பதால் காயிலும் போகும்.

தாமிரபரணிக் கால்வாயிலிருந்து பத்தடி தூக்கி நீண்ட குழாயில் தள்ளுகிறவருக்கு அந்த விதி ஏறத்தாழ அப்படியே பலிக்கும். அங்கே எதிர்ப்பு முழுவதும் குழாய் உராய்வு. உங்களுக்கு எதிர்ப்பு ஆழம். உங்களுக்கு டிரைவால் கிடைப்பது மெதுவான தொடக்கமும் குறைந்த வோல்ட்டில் பாதுகாப்பும் மட்டுமே. வாங்கினால் வெளியீட்டுப் பக்கம் ஃபில்டர் இல்லாமல் வாங்காதீர்கள். உள்ளே நேர்திசை (டிசி) மின்னழுத்தம் 587 வோல்ட். டிரைவ் அதை நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி அனுப்புகிறது. அவ்வளவு நீளக் கேபிளின் கடைசியில் அந்த அலை மோதித் திரும்பும்போது மோட்டார் முனையில் ஏறத்தாழ இருமடங்காக எழும்பும்.

பேட்டை வைண்டர் எழுதியது:

அப்படி முதல் இரண்டு சுற்றுக் கம்பியில் மட்டும் ஓட்டை விழுந்த காயில்களை நான் கட்டியிருக்கிறேன். மற்றதெல்லாம் புத்தம் புதிதாக இருக்கும்.

செக்கடித் தெரு எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன். 10 அங்குலப் புல்லி போட்டாகிவிட்டது. மோட்டாரில் இப்போது கை வைக்க முடிகிறது. கருப்பட்டி நேரத்தில் மட்டும் செக்கின் சுற்று 8இலிருந்து ஏழரைக்கு அருகில் இறங்குகிறது. டிரைவில் வெக்டர் என்று ஒரு முறை இருக்கிறது. சிலர் அதைப் போட்டால் வேகம் இம்மியும் அசையாது என்கிறார்கள். அது உண்மையில் என்ன செய்கிறது என்று யாராவது நம் மொழியில் சொல்ல முடியுமா? படித்துப் பார்த்த இடத்திலெல்லாம் அச்சும் அம்புக்குறியுமாக இருக்கிறது.

பாளையங்கோட்டை வாத்தியார் எழுதியது:

நெல்லையப்பர் கோவில் ஆனித் தேரோட்டம் பார்த்திருப்பீர்கள். தேரை நகர்த்துவது வடத்தின் இழுப்பு. வடம் தேரின் முகத்துக்கு நேராக இருந்தால் ஒவ்வொருவர் பலமும் தேரை முன்னே கொண்டுபோகும். கோணலாக இழுத்தால் பாதிப் பலம் சக்கரத்தைப் பக்கவாட்டில் அழுத்துவதிலேயே போய்விடும். வியர்வை அதே வியர்வைதான், தேர் மட்டும் நகராது. மோட்டாரிலும் அப்படியே. உள்ளே போகும் மின்னோட்டத்தின் ஒரு கூறு காந்தத்தை உண்டாக்குகிறது, அதற்குச் செங்குத்தான கூறு சுழற்றுகிறது. பழைய முறை வோல்ட்டையும் ஹெர்ட்ஸையும் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளும். இரண்டு கூறும் எப்படிப் பிரிகின்றன என்பதை அது பார்ப்பதில்லை. வெக்டர் முறை இரண்டையும் தனித்தனியே அளந்து தனித்தனியே கட்டுப்படுத்துகிறது.

எப்படி அளக்கிறது என்பதில்தான் அழகு. ரத வீதி ஓரத்தில் நின்று பார்க்கிறவருக்கு வடம் ஒரு வீதியில் கிழக்கே நீண்டிருக்கும், அடுத்த வீதியில் தெற்கே, அதற்கடுத்து மேற்கே. திசை மாறிக்கொண்டே இருக்கும். மூன்று பேஸ் மின்னோட்டம் நமக்கு அப்படித்தான் தெரிகிறது, ஓயாமல் ஏறி இறங்கும் அலையாக. தேரின் மேல் உட்கார்ந்திருக்கும் பட்டரைக் கேளுங்கள். அவருக்கு வடம் எந்த வீதியிலும் நேர் முன்னேதான். திசை மாறாத ஒன்றைத் திருத்துவது எளிது. கூடினால் குறை, குறைந்தால் கூட்டு. அந்தத் தேரின் மேல் ஏறி உட்காரும் கணக்கை ராபர்ட் பார்க் 1929இல் எழுதினார். மூன்று பேஸை இரண்டு அச்சாகச் சுருக்கும் கணக்கு எடித் கிளார்க் என்ற அம்மையாருடையது. இரண்டையும் சேர்த்து, சுழலும் காந்தத்தோடு ஒட்டி நின்று மோட்டாரைக் கட்டுப்படுத்தும் முறையை ஜெர்மனியில் ஹாசேயும் பிளாஷ்கேயும் 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு அதை ஓட்டுவதற்கு அலமாரி அளவு மின்னணுவியல் தேவைப்பட்டது. இன்று உங்கள் செக்கடியில் ஒரு சோற்றுத் தூக்கு அளவுப் பெட்டிக்குள் இருக்கிறது.

ஒரு சிக்கல். தேர், அதாவது சுழலும் காந்தம், எந்தப் பக்கம் முகம் திரும்பி நிற்கிறது என்பது தெரிந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். உங்கள் மோட்டாரில் சென்சார் இல்லை. டிரைவ் கண்ணைக் கட்டிக்கொண்டு ஊகிக்கிறது. ஊகத்துக்கு அடிப்படை சுழலியின் (மோட்டாருக்குள் சுற்றும் பகுதியின்) மின்தடை. அந்த மின்தடையோ ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடும். காலையில் 30 டிகிரியில் அளந்ததை வைத்துக்கொண்டு, மதியம் சுழலி 110 டிகிரியில் இருக்கும்போது ஊகித்தால், மூன்றில் ஒரு பங்கு தவறு. வடம் கோணலாகிவிடும்.

வண்ணார்பேட்டை டிரைவ் சர்வீஸ் எழுதியது:

ஐயா சொன்னதற்குச் செய்முறை இதுதான். பெயர்ப்பலகை எண்கள் எல்லாவற்றையும் பிழையில்லாமல் கொடுங்கள். முக்கியமாக 1440 என்ற சுற்று. அதை 1500 என்று போடுகிறவர்களை நான் வாரம் ஒருமுறை பார்க்கிறேன். நழுவலே இல்லை, சுழலி காந்தத்துக்குப் பின்தங்குவதே இல்லை என்று டிரைவிடம் சொல்வதற்கு அது சமம். ஒரு மணி நேரம் ஆட்டிவிட்டு, மோட்டார் சூடாக இருக்கும்போது பெல்ட்டைக் கழற்றி ஆட்டோ டியூனிங் (டிரைவ் தானே மோட்டாரை அளந்துகொள்வது) செய்யுங்கள். குளிர்ந்த மோட்டாரில் செய்யாதீர்கள்.

முக்கூடல் எழுதியது:

இழைக்குச் சம்பந்தமில்லாத கேள்விதான். வீட்டில் புதிதாக வாங்கிய சிக்கன மின்விசிறி இரவில் மெல்லிய உறுமல் போடுகிறது. பழையது 75 வாட், இது 30 வாட் என்பதால் திருப்பிக் கொடுக்கவும் மனமில்லை. அதற்கும் இதுதான் காரணமா?

வண்ணார்பேட்டை டிரைவ் சர்வீஸ் எழுதியது:

சொந்தக்காரப் பிள்ளைதான். அது காந்தம் பதித்த மோட்டார். மலிவான பலகையில் மின்னோட்டத்தை அறுபது அறுபது டிகிரியாகப் படிக்கட்டு போல மாற்றுவார்கள். ஒவ்வொரு படியிலும் இழுப்பு சற்று வெட்டும், அந்த வெட்டு தண்டு வழியாக உத்தரத்துக்குப் போய்ப் பேசும். அலை வடிவில் மின்னோட்டம் கொடுக்கும் பலகையாக இருந்தால் சத்தம் கேட்காது. முதலில் கொக்கியில் ரப்பர் வாஷர் இருக்கிறதா பாருங்கள். பாதிப் புகார் அங்கேயே தீர்ந்துவிடும்.

செக்கடித் தெரு எழுதியது:

சூடான மோட்டாரில் டியூனிங் செய்து வெக்டருக்கு மாற்றிவிட்டேன். கருப்பட்டி போட்டாலும் 8 சுற்று 8 சுற்றாகவே நிற்கிறது. பார்க்கவே சந்தோஷம். ஆனால் புது வியாதி ஒன்று வந்திருக்கிறது. கியர் பாக்ஸுக்குள் டக் டக் டக் என்று ஒரு தட்டல். எள் தளர்வாக இருக்கும் முதல் பத்து நிமிடத்தில்தான் அதிகம். பிடிப்பு ஏறியதும் போய்விடுகிறது. கியர் பாக்ஸைப் பிரிக்கவா?

சங்கரன்கோவில் தறி எழுதியது:

பிரிக்காதீர்கள் அண்ணாச்சி. எனக்கும் இதே நடந்தது. வேகத்தைப் பிடித்து வைக்கும் இறுக்கத்தைக் குறையுங்கள்.

என் கதையைச் சொல்கிறேன். விசைத்தறி நிமிடத்துக்கு 120, 150 முறை அடிக்கும். நாடாவை (ஊடை நூலை ஏந்திச் செல்லும் கட்டையை) எறியும் கணத்திலும் அச்சு ஊடையை அடிக்கும் கணத்திலும் மோட்டாருக்குச் சுமை, நடுவில் ஓய்வு. வெக்டர் டிரைவ் வாங்கி, வேகம் துளியும் அசையக் கூடாது என்று இறுக்கத்தைக் கூட்டி வைத்தேன். துணி என்னவோ சீராகத்தான் வந்தது. ஆனால் மோட்டார் பழைய நாளைவிடச் சூடு. கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் 1க்கும் 3க்கும் இடையே ஊஞ்சலாடியது. இறுக்கத்தைத் தளர்த்தினேன். ஒவ்வொரு அடிக்கும் வேகம் கொஞ்சம் தாழ்ந்து எழுகிறது, ஆம்பியர் 2ஐச் சுற்றியே நிற்கிறது, மோட்டார் குளிர்ந்துவிட்டது. சூடு ஆம்பியரின் இருமடி. 1க்கும் 3க்கும் இருமடி எடுத்துச் சராசரி பார்த்தால் 5. நிலையான 2க்கு 4. அதே வேலை, கால் பங்கு கூடுதல் சூடு. தறியின் கனத்த சக்கரம் இருப்பதே அந்த அடியைத் தாங்கத்தான். அதன் வேலையை டிரைவ் பிடுங்கிக்கொண்டது. செக்கும் அப்படித்தான், தளர்த்துங்கள், சூடும் குறையும்.

பாளையங்கோட்டை வாத்தியார் எழுதியது:

தறிக்காரத் தம்பியின் கணக்கு தறிக்குச் சரி. செக்குக்கு மருந்து அதுவே என்றாலும் காரணம் வேறு, பலனும் வேறு.

தறியின் அடி நொடிக்கு இரண்டரை முறை. அந்த இடைவெளியைச் சக்கரம் தாங்கும். செக்கு 8 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு ஏழரை நொடி. இவ்வளவு சின்ன மோட்டாரின் சுழலி முழு வேகத்தில் சேமித்து வைத்திருப்பது ஏறத்தாழ 100 ஜூல். பிடிப்பு ஏறிய செக்கு ஒவ்வொரு நொடியும் 1000 ஜூலுக்குக் குறையாமல் தின்கிறது. அந்தச் சேமிப்பு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குக் காணாது. ஆகவே தளர்த்துவதால் செக்கு மோட்டாரின் சூடு குறையாது.

ஆனால் தட்டல் நிற்கும். கியர் பல்லுக்கும் பல்லுக்கும் இடையே ஒரு நூலிழை இடைவெளி உண்டு. சுமை இல்லாதபோது பல் அந்த இடைவெளியில் மிதக்கிறது. இறுக்கமான டிரைவ் வேகம் இம்மி கூடியதும் பின்னால் இழுக்கிறது, பல் பின்பக்கம் மோதுகிறது. உடனே வேகம் குறைந்தது என்று முன்னால் தள்ளுகிறது, பல் முன்பக்கம் மோதுகிறது. பிடிப்பு ஏறியதும் பல் ஒரே பக்கம் அழுந்தி நின்றுவிடுவதால் சத்தம் போய்விடுகிறது. உங்கள் அறிகுறி அப்படியே இதுதான்.

சங்கரன்கோவில் தறி எழுதியது:

நூறு ஜூல் கணக்கை ஒத்துக்கொள்கிறேன் ஐயா. ஆனால் செக்குக்காரர் எதற்கு வேகத்தை இம்மி பிசகாமல் பிடிக்க வேண்டும்? துணியில் அடி தப்பினால் கோடு விழும். எண்ணெயில் என்ன விழப்போகிறது?

பாளையங்கோட்டை வாத்தியார் எழுதியது:

ஒன்றும் விழாது. நானும் அதையே சொல்ல வந்தேன். வெக்டர் இல்லாமலேயே ஏழரைச் சுற்றுக்கு இறங்கி ஏறியபோது அந்தச் செக்குக்கு ஒரு குறையும் இல்லை. மாணவர்களிடமும் இதைத்தான் சொல்வேன், திரையில் எண் அசையாமல் நிற்பதற்கும் இயந்திரம் நன்றாக ஓடுவதற்கும் சம்பந்தமே இல்லாத நாட்கள் உண்டு.

வண்ணார்பேட்டை டிரைவ் சர்வீஸ் எழுதியது:

ஐயாவோடு அரைக்கால் வாசி முரண்படுகிறேன். வெக்டரை விட்டுவிட வேண்டாம். மாலையில் ஊரில் வோல்ட் விழும்போதும், ஆட்டுவதை நடுவில் நிறுத்திவிட்டுப் பிண்ணாக்கோடு மறுபடி கிளப்பும்போதும் அதன் இழுப்பு வேண்டும். இறுக்கத்தை மட்டும் பாதியாக்குங்கள், சத்தம் நிற்கும் வரை. இன்னொன்றும் செய்யலாம். சுமை குறைந்த நேரத்தில் காந்தத்தைத் தானே குறைக்கும் மின்சேமிப்பு அமைப்பு ஒன்று உங்கள் டிரைவில் இருக்கும். தறியில் அதைத் தொடக்கூட மாட்டேன். அடி திடீரென்று வரும், குறைந்த காந்தம் எழும்ப நேரம் பிடிக்கும். செக்கில் பிடிப்பு நிமிடக்கணக்கில் ஏறுகிறது, காந்தம் நிதானமாக உடன் ஏறும். உங்களுக்குப் பொருந்தும்.

செக்கடித் தெரு எழுதியது:

ஒரு மாதம் ஆகிவிட்டது. இறுக்கத்தை முதலில் பாதியாக, பிறகு மூன்றில் ஒன்றாகக் குறைத்தேன். தட்டல் அடியோடு நின்றது. கருப்பட்டி நேரத்தில் சுற்று 7.8க்கு இறங்குகிறது, அது போதும். மின்சேமிப்பு அமைப்பைப் போட்டதில் முதல் பத்து நிமிடத்து ஆம்பியர் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்திருக்கிறது.

மின்சாரக் கணக்கைச் சொன்னால் சிரிப்பீர்கள். தனி மீட்டர் வைத்துப் பார்த்தேன். 12 சுற்றில் ஒரு செக்கு எள்ளுக்கு 40 நிமிடம், 0.8 யூனிட். 8 சுற்றில் ஒரு மணி நேரம், 0.85 யூனிட். மிச்சம் என்று எதுவும் இல்லை. எண்ணெயின் சூடு சமையல் வெப்பமானியில் 46இலிருந்து 43 டிகிரிக்கு வந்திருக்கிறது. குறை சொன்ன வாடிக்கையாளர்களிடம் ஒன்றும் சொல்லாமல் இரண்டையும் கொடுத்துப் பார்த்தேன். இருவர் மெதுவாக ஆட்டியதை எடுத்தார்கள். ஒருவர் வேகமாக ஆட்டியதைத்தான் பழைய காலத்து ருசி என்றார்.

பாளையங்கோட்டை வாத்தியார் எழுதியது:

அதே எள்ளை நசுக்க அதே ஆற்றல்தான் வேண்டும் தம்பி, மெதுவாகப் போனால் உரல் ஆறுவதற்குக் கூடுதல் நேரம் கிடைக்கிறது, அதனால்தான் அந்த மூன்று டிகிரி. இரண்டாவது செக்குக்கும் டிரைவ் வாங்கப் போகிறீர்களா?

செக்கடித் தெரு எழுதியது:

இல்லை ஐயா. அதைக் கடலைக்கும் தேங்காய்க்கும் ஒதுக்கிவிட்டேன். ஸ்டார்ட்டரே போதும். இரண்டிலும் ஒரே நேரத்தில் பிடிப்பு ஏறாதபடி இருபது நிமிடம் தள்ளி ஆட்டத் தொடங்குகிறேன். அதற்குப் பிறகு மாலையில் விளக்கு மங்குவது நின்றிருக்கிறது.

பேட்டை வைண்டர் எழுதியது:

அப்படியானால் அந்தப் பழைய 8 அங்குலப் புல்லி சும்மாதானே கிடக்கிறது? வியாழக்கிழமை அம்பைக்கு வருகிறேன், எடுத்துக்கொள்கிறேன். கூடவே அரை லிட்டர் நல்லெண்ணெய். எந்தச் சுற்றில் ஆட்டியது என்று சொல்ல வேண்டாம்.